காரியாலயத்துக்கு எத்தனை மார்க்கு?

பிட்ஸ்பர்க் நகரத்துப் பேஸ்பால் கோஷ்டிக்குப் 'பைரேட்ஸ்' என்று பெயர். கடற்கொள்ளைக்காரர்கள் என்று அர்த்தம். ஆனால் 1952-ம் வருஷத்தில் கொள்ளை கொடுத்து நின்றவர்கள் அவர்களேதான். அவ்வருஷம் அவர்களுக்கு 42 ஆட்டங்களில் ஜயம். 112 ஆட்டங்களில் தோல்வி. எட்டுக் கோஷ்டிகள் கொண்ட லீகில் எட்டாவது ஸ்தானம். அடுத்த மூன்று வருஷங்களிலும் அதே எட்டாவது ஸ்தானந்தான். இத்தனைக்கும் அக்கோஷ்டியின் காரியாலயத்தில் ஜெனரல் மானேஜராக வீற்றிருந்தவர் சாமானியர் அல்லர். பிராஞ்சு ரிக்கி என்னும் பெரியவர். பேஸ்பால் நிர்வாகத்தில் அவருக்கு நிகரான மூளை அமெரிக்காவில் இல்லை என்று பெயரெடுத்தவர். 1955-ல் அவர் அந்தப் பதவியை விட்டு இறங்கியபோது, பட்டியலைப் பார்த்து மார்க்குப் போடுகிறவர்கள் பூஜ்யம் போட்டிருந்தால் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.

ஐந்து வருஷங்கள் சென்றன. 1960-ல் அதே பிட்ஸ்பர்க் கோஷ்டி, பணத்திலும் பெருமையிலும் முதன்மையான நியூயார்க் யாங்கிகளை 'வேர்ல்டு ஸீரிஸ்' என்னும் இறுதிப் பந்தயத் தொடரில் ஜயித்தது. ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்தை மதிலுக்கு அப்பால் அடித்து வெற்றி தேடித் தந்தவர் மாஸரோஸ்கி. அவ்வருஷம் லீகிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றவர் டிக் குரோட். வலப்புறத்து மைதானத்தைக் காவல் காத்தவர், பின்னாளில் அமர கீர்த்தி பெற்ற ராபர்டோ கிளெமென்டே. ஆபத்து நேரத்தில் பந்து எறிய வந்து காப்பாற்றியவர் எல்ராய் ஃபேஸ். இந்த நால்வரும் கோஷ்டிக்குள் வந்தது ரிக்கியின் காலத்தில். கிளெமென்டேயை 1954-ல் புரூக்ளின் கோஷ்டியின் சிறு கிளையிலிருந்து, விதிகளிலிருந்த ஒரு சந்து வழியாக அவர் கொத்திக்கொண்டு வந்த கதை தனிக் கதை.

அப்படியானால் பூஜ்யம் போட்டது தவறு, நூற்றுக்கு நூறு போட வேண்டும் என்று உடனே பேனாவை எடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. ரிக்கிக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த ஜோ பிரௌன் சும்மா இருந்துவிடவில்லை. அவர் பேரம் பேசிக் கொண்டுவந்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் 1960-ம் வருஷத்து வெற்றி இல்லை. விதைத்தவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் மற்றொருவர் என்றால், விளைச்சலை யார் கணக்கில் எழுதுவது? ஒரு பேஸ்பால் கோஷ்டியின் காரியாலயம் நன்றாக வேலை செய்கிறதா இல்லையா என்று கண்டுகொள்வது எவ்வளவு சங்கடமான விஷயம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

முதலில் இந்தக் காரியாலயம் என்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். மைதானத்தில் ஆட்டக்காரர்களைப் போலவே உடுப்பு அணிந்து, யார் எப்போது பந்து எறிவது, யார் எந்த வரிசையில் அடிப்பது என்று உத்தரவிடுபவருக்கு வெறும் 'மானேஜர்' என்று பெயர். மைதானத்துப் பக்கமே வராமல், மேஜையும் டெலிபோனும் கணக்குப் புத்தகமுமாக உட்கார்ந்திருப்பவர் 'ஜெனரல் மானேஜர்'. இருக்கிற ஆட்களை வைத்து ஆடுவது முன்னவர் வேலை. எந்த ஆட்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பின்னவர் வேலை. ஊர் ஊராகச் சென்று பள்ளிப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுபவர்கள், வைத்தியர்கள், கணித நிபுணர்கள், வக்கீல்கள் என்று ஒரு பெரும் பரிவாரம் அவர் கீழ் உண்டு. இவர்கள் எல்லோரும் சேர்ந்ததே காரியாலயம்.

முதல் தரத்தில் முப்பது கிளப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த எண்ணிக்கையே மயக்கம் தரும். ஒவ்வொரு கிளப்புக்கும் கீழே படிப்படியாகச் சிறு கோஷ்டிகள். அவற்றுக்குப் 'பண்ணை' என்றே பெயர். இளம் பையன்களை அங்கே நட்டு, வளர்த்து, பழுத்தபின் பறித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை முறைப்படுத்திப் பெரிதாக்கியவரும், செயிண்ட் லூயிஸ் கோஷ்டியில் இருந்த காலத்து நம் ரிக்கியேதான். வருஷந்தோறும் புதிய பையன்களைக் கிளப்புகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன; 1965 முதல் இது நடந்து வருகிறது. பிறகு பரிவர்த்தனை: உன் ஆட்டக்காரனை எனக்குக் கொடு, என்னுடைய இரண்டு பேரை நீ எடுத்துக்கொள் என்பது. மனிதர்களை மாட்டுச் சந்தையில்போல் மாற்றிக்கொள்வதா என்று நேயர்கள் முகம் சுளிக்கலாம். அமெரிக்காவிலேயே சிலர் சுளித்தார்கள். 1969-ல் செயிண்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்ட கர்ட் ஃபிளட் என்னும் நீக்ரோ ஆட்டக்காரர், தாம் விலைச் சரக்கு அல்ல என்று போகமாட்டாமல் நின்று வழக்காடினார். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். ஆயினும் 1975-ம் வருஷக் கடைசியில் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பினால் அந்தப் பழைய அடிமைச் சீட்டு கிழிந்தது. இப்போது ஆறு வருஷ சேவை முடித்த ஆட்டக்காரர் தம் இஷ்டப்படி எந்தக் கிளப்புக்கும் போகலாம். ஆகவே காரியாலயத்தின் சாமர்த்தியம் இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது: ஒன்று, ஆறு வருஷக் குறைந்த சம்பளத்தில் யாரை வைத்துக்கொள்கிறது என்பதில்; மற்றொன்று, அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு கொட்டிக் கொடுக்கிறது என்பதில்.

இனி மார்க்குப் போடும் விஷயத்துக்கு வருவோம்.

ஜய அபஜயப் பட்டியல் பொய் சொல்லுமா? சொல்லும். 2016-ல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் கோஷ்டி 95 ஆட்டங்களில் ஜயித்து, தன் லீகில் முதலிடம் பெற்றது. அவ்வருஷம் முழுவதும் அது எடுத்த ஓட்டங்கள் 765. எதிரிகளுக்குக் கொடுத்தவை 757. எட்டே ஓட்டங்கள் மிச்சம்! ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 36-ல் ஜயித்து 11-ல் மட்டும் தோற்றதுதான் ரகசியம். அது சாமர்த்தியமா, அதிருஷ்டமா? மறு வருஷம் விடை கிடைத்தது. 78 ஜயம், 84 தோல்வி.

இப்படிப்பட்ட மாயையைக் களைவதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்தவை, கொடுத்தவை இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டியது. 800 ஓட்டம் எடுத்து 700 கொடுத்த கோஷ்டி, இந்தக் கணக்கின்படி 162 ஆட்டங்களில் ஏறக்குறைய 92 ஜயிக்க வேண்டும். 100 ஜயித்திருந்தால் அதிருஷ்ட தேவதைக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். 85-தான் என்றால் காரியாலயத்தைத் திட்டுவதற்கு முன் சற்றுப் பொறுக்கலாம். இதைக் கண்டவர் எந்தச் சர்வகலாசாலைப் பேராசிரியரும் அல்லர். பில் ஜேம்ஸ் என்பவர். கான்ஸாஸ் மாகாணத்தில் டப்பா உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டவர். 1977-ல் தம் ஆராய்ச்சியைத் தாமே அச்சிட்டு விற்றார். வெகு காலம் காரியாலயத்துக்காரர்கள் அவரை லட்சியம் செய்யவில்லை. பிற்பாடு பாஸ்டன் கோஷ்டியே அவரைச் சம்பளம் கொடுத்து ஆலோசகராக அமர்த்திக்கொண்டது.

அடுத்தது பணம். ராஜ வீட்டுக் கல்யாணத்தில் விருந்து நன்றாக இருந்தால் சமையற்காரனுக்கு என்ன புகழ்? 2002-ல் நியூயார்க் யாங்கிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குச் சுமார் பன்னிரண்டரைக் கோடி டாலர் செலவழித்து 103 ஆட்டங்கள் ஜயித்தார்கள். அதே வருஷம் ஓக்லண்டு கோஷ்டி சுமார் நாலு கோடி செலவில் அதே 103 ஆட்டங்கள் ஜயித்தது. இடையில் தொடர்ச்சியாக இருபது ஆட்டங்கள். அங்கே ஜெனரல் மானேஜராக இருந்த பில்லி பீன், மற்றவர்கள் மலிவாக மதித்த ஒரு குணத்தைத் தேடிப் பிடித்தார். பேஸ்பாலில் தப்பான பந்துகளை அடிக்காமல் பொறுமையாக விட்டுவிடுகிறவனுக்கு முதல் முகாம் இனாமாகக் கிடைக்கும். அடித்து ஓடியவனுக்கு இருந்த மதிப்பு, அடிக்காமல் நடந்தவனுக்குச் சந்தையில் இல்லை. முழங்கையில் நரம்பு கெட்டு, பழைய ஸ்தானத்தில் ஆட முடியாமல் போன ஹேட்டபர்க் என்பவரைப் பீன் எடுத்து வேறிடத்தில் நிறுத்தினார். அந்த இருபதாவது வெற்றியைத் தந்தது அவர் அடித்த அடியே.

இந்தக் கதை 2003-ல் 'மனிபால்' என்ற புத்தகமாகவும், 2011-ல் சினிமாவாகவும் வந்து உலகப் பிரசித்தமாகிவிட்டது. நமக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்த வருஷம் ஓக்லண்டின் பலம் ஹேட்டபர்க் ஒருவர் அல்லர். ஹட்ஸன், மல்டர், ஜிட்டோ என்று மூன்று அபாரமான பந்து எறிபவர்கள். அவர்களுடன், லீகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகுவெல் டெஹாடா. நால்வரும் சொந்தப் பண்ணையில் விளைந்தவர்கள். டெஹாடா டொமினிக்கன் குடியரசின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவரைப் போன்றவர்களை வெயிலில் அலைந்து கண்டுபிடித்த ஆள் தேடுவோர் சினிமாவில் கோமாளிகளாகக் காட்டப்பட்டார்கள். கணக்கு ஒரு கண் என்றால் அனுபவம் மற்றொரு கண். ஒன்றைக் குத்திக்கொண்டு மற்றொன்றைப் புகழ்வானேன்?

பரிவர்த்தனைகளுக்கு மார்க்குப் போடுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 1987 ஆகஸ்டில் டெட்ராயிட் கோஷ்டி லீகின் உச்சிக்கு அருகில் இருந்தது. ஆனால் பந்து எறிய இன்னொரு நல்ல ஆள் வேண்டியிருந்தது. அட்லாண்டாவில் டாயில் அலெக்ஸாண்டர் என்ற 36 வயது அனுபவசாலி இருந்தார். அவருக்குப் பதிலாக அட்லாண்டா கேட்டது, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்னும் இருபது வயதுப் பையனை. டெட்ராயிட் கோஷ்டியின் பக்தனாகவே மிஷிகனில் வளர்ந்த பையன். சிறு கோஷ்டியில் அவன் அவ்வருஷக் கணக்கு நாலு ஜயம், பத்துத் தோல்வி. கொடுத்துவிட்டார்கள். அலெக்ஸாண்டர் வந்து ஒன்பது ஆட்டங்கள் ஜயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. கடைசி நாள் ஆட்டத்தில் டெட்ராயிட் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அவர் இல்லாவிட்டால் அது நடந்திராது. ஆனால் அடுத்த சுற்றிலேயே மின்னிஸோடாவிடம் தோற்றது. இரண்டு வருஷங்களில் அலெக்ஸாண்டர் ஆட்டத்தை விட்டே ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸோ இருபது வருஷம் அட்லாண்டாவுக்குப் பந்து எறிந்தார்; 1995-ல் சாம்பியன் பட்டத்தில் பங்கு கொண்டார்; 2015-ல் பேஸ்பாலின் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

இதைச் சரித்திரத்திலேயே மகா மோசமான பேரம் என்று கூறுவோர் பலர். நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். கணக்குப் பரீட்சையில் விடை ஒத்து வந்தாலும் வழி தப்பாயிருந்தால் மார்க்கைக் குறைப்பதும், வழி சரியாயிருந்து கடைசிக் கூட்டலில் பிசகினால் இரக்கம் காட்டுவதும் பள்ளிக்கூடத்தில் உள்ள வழக்கம். டெட்ராயிட் அன்று வயது முதிர்ந்த ஆட்டக்காரர்களின் கோஷ்டி. அந்த வருஷத்தை விட்டால் அதற்கு வேறு வருஷம் இல்லை. வேண்டியதைக் கேட்டது, கேட்டதைப் பெற்றது. அது குற்றமல்ல. குற்றம் வேறொன்று. தன் வீட்டில் வளரும் பையனின் தோளில் என்ன இருக்கிறது என்பது, வெகு தொலைவிலுள்ள அட்லாண்டாவின் ஆட்களுக்குத் தெரிந்தது. டெட்ராயிட்டின் ஆட்களுக்குத் தெரியவில்லை. பேரத்தில் அல்ல, பண்ணையில் மார்க்கைக் குறைக்க வேண்டும்.

ஒரே ஆட்டக்காரரை வைத்து இரண்டு காரியாலயங்களை நிறுத்துப் பார்க்கவும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1999-ம் வருஷத் தேர்வில் 401 பையன்களின் பெயர்கள் கூப்பிடப்பட்ட பிறகு, 402-வதாகச் செயிண்ட் லூயிஸ் கோஷ்டி ஆல்பர்ட் புஜோல்ஸ் என்பவரை எடுத்தது. ஒவ்வொரு கிளப்பும், செயிண்ட் லூயிஸ் உட்பட, அவரைப் பன்னிரண்டு முறை தாண்டிச் சென்றது. ஆகவே கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி யாரும் அதிகம் மார் தட்டிக்கொள்ள முடியாது. அவர் பதினொரு வருஷம் அங்கே ஆடி, மூன்று தடவை சிறந்த ஆட்டக்காரர் பட்டமும், 2006, 2011 ஆகிய இரண்டு வருஷங்களில் கோஷ்டிக்கு சாம்பியன் பட்டமும் வாங்கித் தந்தார். 2011 டிஸம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் கிளப் பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலர் தருவதாகச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 31. பேஸ்பாலில் பொதுவாக இறங்குமுகம் தொடங்கும் வயது. பழைய புஜோல்ஸ் திரும்பி வரவே இல்லை. ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, 2021 மே மாதத்தில், அவரை அனுப்பிவிட்டார்கள். செயிண்ட் லூயிஸுக்கோ, அவர் போனதற்கு ஈடாகக் கிடைத்த தேர்வுரிமையில் மைக்கேல் வாக்கா என்ற நல்ல பந்து எறிபவர் கிடைத்தார்.

செயிண்ட் லூயிஸின் விவேகமே விவேகம் என்று புகழ்வதற்கு முன் ஒரு விஷயம். அவர்களும் புஜோல்ஸை விட்டுவிட விரும்பவில்லை. பெருந்தொகை சொல்லிப் பார்த்தார்கள். ஏஞ்சல்ஸ் அதற்கு மேலே போய்விட்டது. ஏலத்தில் தோற்றதால் பிழைத்தார்கள். அதற்கு மார்க்கு உண்டா?

ஏஞ்சல்ஸ் கதை அத்துடன் முடிந்திருந்தால் ஒரு தப்பு என்று மன்னிக்கலாம். அந்தக் கோஷ்டியில் மைக் டிரௌட் இருந்தார். 2014, 2016, 2019 ஆகிய மூன்று வருஷங்களில் லீகின் சிறந்த ஆட்டக்காரர். 2018-ல் ஜப்பானிலிருந்து ஷோஹேய் ஓட்டானி வந்து சேர்ந்தார். பந்து எறிவதிலும் அடிப்பதிலும் ஒருங்கே முதல் தரமாக விளங்கும் அதிசய மனிதர். ஒரே வீட்டில் இரண்டு சூரியன்கள்! ஆறு வருஷம் ஓட்டானி அங்கே இருந்தார்; ஆறு வருஷமும் அந்தக் கோஷ்டிக்கு ஜயத்தைவிடத் தோல்வியே அதிகம். 2019 டிஸம்பரில் ஆன்தனி ரெண்டன் என்பவருக்கு ஏழு வருஷத்துக்கு இருபத்துநாலரைக் கோடி எழுதிக் கொடுத்தார்கள். அவர் காயத்தோடு காயமாகப் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். 2023 ஜூலையில் ஓட்டானியை மாற்றிக் கொடுத்து நல்ல இளைஞர்களைப் பெறச் சந்தர்ப்பம் இருந்தது. மாட்டோம், ஜயிக்கப் போகிறோம் என்று சொல்லி, தங்களிடமிருந்த இளைஞர்களையும் கொடுத்து வேறு ஆட்களை வாங்கினார்கள். ஆகஸ்டு மாதம் முழுவதும் தோற்றுத் தள்ளியபின், அப்படி வாங்கிய ஆட்களையே மாதக் கடைசியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெருவில் விட்டார்கள். டிஸம்பரில் ஓட்டானி அதே ஊர்ப் பக்கத்திலுள்ள டாட்ஜர்ஸ் கிளப்புக்குப் போய்விட்டார். பத்து வருஷம், எழுபது கோடி டாலர், அதில் 68 கோடியைப் பிற்பாடு வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே கடன் சொல்லிவிட்டார்! 2024-லும் 2025-லும் டாட்ஜர்ஸ் சாம்பியன்கள்.

டாட்ஜர்ஸுக்குப் பணம் இருக்கிறது, ஜயிக்கிறார்கள் என்று சொல்வோர் உண்டு. வாஸ்தவம். ஆனால் ஏஞ்சல்ஸும் ஏழையல்ல. டாட்ஜர்ஸ் காரியாலயத்தின் தலைவர் ஆண்ட்ரூ ஃபிரீட்மன், 2014-ல் அங்கே வருமுன் டாம்பா பகுதியில், பரம தரித்திரமான கிளப் ஒன்றை நடத்தி 2008-ல் இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனவர். கூழுக்கு உப்பு அளந்து பழகிய கை, பாயசத்துக்குச் சர்க்கரை போடுகையிலும் அளந்தே போடுகிறது.

இதுவரை கூறியவை பணத்தையும் புத்தியையும் பற்றியவை. காரியாலயத்தின் மனத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. அதை எந்தச் சூத்திரமும் காட்டாது.

1945 ஏப்ரல் 16-ந் தேதி, பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் கிளப்பின் மைதானத்தில் மூன்று நீக்ரோ ஆட்டக்காரர்களுக்குப் பரீட்சை நடந்தது. அப்போது முதல் தரக் கோஷ்டிகள் எதிலும் நீக்ரோவருக்கு இடமில்லை. எழுதிய சட்டம் ஒன்றும் இல்லை, எழுதாத கட்டுப்பாடு. நம் ஊர்க் கோவில் வாசலில் நின்ற கட்டுப்பாடு போன்றது. நகரசபை அங்கத்தினர் ஒருவரின் வற்புறுத்தலுக்காக நடத்திய பரீட்சை அது. மூவரும் அடித்தார்கள், ஓடினார்கள், பிடித்தார்கள். வீட்டுக்குப் போனார்கள். கிளப்பிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்த மூவரில் ஒருவர் ஜாக்கி ராபின்ஸன்.

நாலு மாதத்துக்குப் பின் புரூக்ளினில், அப்போது அங்கே காரியாலயத்தின் தலைவராக இருந்த ரிக்கி, ராபின்ஸனைத் தம் அறைக்கு அழைத்தார். நீக்ரோ கோஷ்டி ஒன்று ஆரம்பிக்கப் போவதாகப் பாசாங்கு செய்து, ஆட்களை அனுப்பித் தேடிக் கண்டெடுத்தவர் ராபின்ஸன். ஒரு வருஷம் மாண்ட்ரியல் சிறு கோஷ்டியில் ஆட வைத்து, 1947 ஏப்ரல் 15-ந் தேதி புரூக்ளின் கோஷ்டியில் இறக்கினார். அவ்வருஷமே புரூக்ளின் தன் லீகில் முதலிடம். ராபின்ஸன் ஆடிய பத்து வருஷங்களில் ஆறு தடவை முதலிடம். அவரைத் தொடர்ந்து காம்பனெல்லாவும் நியூகோம்பும் வந்தார்கள். 1949 முதல் 1959 வரை பதினொரு வருஷங்களில் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் ஒன்பது தடவை நீக்ரோ ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. இவ்வளவு பொன்னும் கேட்பாரற்றுத் தெருவில் கிடந்தது. குனிந்து எடுக்க ஒருவரே முன்வந்தார்.

ரிக்கியை மகாத்மாவாக்கும் உத்தேசம் நமக்கில்லை. ராபின்ஸன் அதற்கு முன் ஆடிய கான்ஸாஸ் நகரத்து நீக்ரோ கிளப்புக்கு அவர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. தர்மமும் லாபமும் ஒரே வழியில் சென்றபோது அவர் துணிந்து அந்த வழியில் நடந்தார் என்பதே சரி. அந்தத் துணிவும் மற்றப் பதினைந்து கிளப்புகளிடம் இருக்கவில்லையே!

பாஸ்டனைப் பாருங்கள். சொந்தக்காரர் டாம் யாக்கி பெருஞ் செல்வர். கையை இறுக்கிப் பிடிக்காதவர். டெட் வில்லியம்ஸ் என்னும் ஒப்பற்ற அடிகாரர் 1939 முதல் 1960 வரை அங்கே இருந்தார். இவ்வளவு இருந்தும் அந்தக் காலம் முழுவதிலும் லீகில் ஒரே ஒரு முதலிடம், 1946-ல். அந்தப் பரீட்சைக்கு வந்த மற்றொருவரான ஸாம் ஜெத்ரோ, 1950-ல் அதே பாஸ்டன் நகரத்தின் இன்னொரு கிளப்பில் சேர்ந்து, அவ்வருஷத்தின் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றார். ரெட் ஸாக்ஸ் கிளப் தன் முதல் நீக்ரோ ஆட்டக்காரரை மைதானத்தில் இறக்கியது 1959 ஜூலையில். முதல் தரக் கிளப்புகளில் அதுவே கடைசி. பன்னிரண்டு வருஷம் தன் கையால் தன் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்த காரியாலயத்துக்கு, நாமாக இருந்தால் மற்ற எல்லாப் பாடங்களிலும் முதல் மார்க்கு வாங்கியிருந்தாலும் 'தேறவில்லை' என்றே எழுதுவோம்.

வழி தப்பி நடந்த ஜயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹூஸ்டன் கோஷ்டி 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 ஆட்டங்கள் தோற்றது. 2011 டிஸம்பரில் பொறுப்பேற்ற ஜெஃப் லூனோ, தோற்றால் தோற்கட்டும், தேர்வில் முதல் உரிமை கிடைக்கும் என்று சம்பளச் செலவைச் சுருக்கி, கணித நிபுணர்களைச் சேர்த்து, இளைஞர்களை வளர்த்தார். (அந்தக் கணக்குகளின்மேல் ஆசைப்பட்டு, செயிண்ட் லூயிஸ் காரியாலயத்து உத்தியோகஸ்தர் ஒருவர் கணிப்பொறியில் கன்னமிட்டுத் திருடிச் சிறைக்குச் சென்றார் என்றால் அவற்றின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்!) 2017-ல் ஹூஸ்டன் சாம்பியன். பலே காரியாலயம் என்று உலகம் கொண்டாடியது. 2019 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. எதிர்க் கோஷ்டி தன் பந்து எறிபவருக்குக் காட்டும் சைகைகளைக் காமிரா மூலம் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் அடிகாரருக்கு அறிவித்திருக்கிறார்கள்! 2020 ஜனவரியில் லூனோவும் மானேஜர் ஹிஞ்சும் ஒரு வருஷம் விலக்கப்பட்டார்கள். கிளப் அன்றே இருவரையும் வேலையை விட்டு நீக்கியது. ஐம்பது லட்சம் டாலர் அபராதம். இரண்டு வருஷத்து உயர்ந்த தேர்வுரிமைகள் பறிமுதல். பட்டம் மட்டும் பறிபோகவில்லை. ஆட்டக்காரர் எவருக்கும் தண்டனையும் இல்லை.

பிட்ஸ்பர்க்கின் 112 தோல்வியும் ஹூஸ்டனின் 111 தோல்வியும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ரிக்கி தோற்றது, கையில் ஆளில்லாமல். ஹூஸ்டன் தோற்றது, தோற்பதே லாபம் என்று கணக்குப் பார்த்து. அந்த மூன்று வருஷமும் டிக்கெட் வாங்கிக் குழந்தை குட்டிகளுடன் வந்து உட்கார்ந்தவர்களை யார் கேட்டார்கள்?

ஓக்லண்டில் அப்படி உட்கார்ந்தவர்களின் கதியையும் கூறிவிடுகிறோம். 1968 முதல் அவர்கள் ஊரில் இருந்த கோஷ்டி. பில்லி பீனின் புகழால் உலகமறிந்த கோஷ்டி. சிக்கனம் ஒரு காலத்தில் வித்தையாக இருந்தது. பிற்பாடு சொந்தக்காரருக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். 2023-ல் ஓக்லண்டு 112 ஆட்டங்கள் தோற்றது. கிளப்பை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுகளும் நடந்தன. அவ்வருஷம் ஜூன் 13-ந் தேதி, காலி நாற்காலிகளுக்குப் பேர்போன அந்த மைதானத்தில் இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். கோஷ்டி நன்றாக ஆடுகிறது என்பதற்காக அல்ல. பார்க்க ஆளில்லை என்று சொந்தக்காரர் சொல்ல முடியாதபடி செய்வதற்காக. 'விற்றுவிடு' என்று அச்சிட்ட பச்சைச் சட்டை அணிந்து, ஆட்டம் முழுவதும் அதே வார்த்தையைக் கோஷித்தார்கள். அன்று ஓக்லண்டு, டாம்பாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜயித்தது. அது தொடர்ந்து ஏழாவது ஜயம்.

2024 செப்டம்பர் 26-ந் தேதி அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. 2025 முதல் அந்தக் கோஷ்டி ஸாக்ரமென்டோ நகரில், ஒரு சிறு கோஷ்டியின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்து வருகிறது.